சிரித்தால் செல்லாது

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு தெருமுனையில் சாக்கடை மோரிக்கு மேல் கிடந்த ஸ்லாப் ஒரு மழைக்காலத்தில் உடைந்து உள்ளே விழுந்தது. இது பெரிய விஷயமல்ல. ஸ்லாப் என்றால் உடையும். உடைந்ததை மாற்ற ஒரு நடைமுறையும் இருக்கிறது. வார்டு உறுப்பினர் பரிந்துரைக்க வேண்டும். உறுப்பினர் வேண்டுமென்றால் தேர்தல் நடக்க வேண்டும். தேர்தல் வருஷக்கணக்காக நடக்கவில்லை. ஆகவே அந்த இடத்தில் ஸ்லாப் இல்லாதது முற்றிலும் சட்டப்படியே.

அந்தச் சட்டப்படியான பள்ளத்தில்தான் ஜோசஃபின் டீச்சர், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காலை விட்டு, கணுக்காலில் மாவுக்கட்டோடு வீடு வந்து சேர்ந்தார்.

அவருடைய கணவர் ஓஸ்வால்ட் வார நாட்களில் ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுபவர். சனிக்கிழமை சாயங்காலங்களில் காமெடியன். பெங்களூரில் இப்போது காபி குடிக்கப் போனால் காபி மட்டும் கிடைப்பதில்லை. யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் கல்யாண வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும். அதற்கு டிக்கெட் வேறு. அப்படிச் சொல்பவர்களில் ஓஸ்வால்ட் கொஞ்சம் பேர் வாங்கியவர்.

சொந்தச் செலவில் ஸ்லாப் போட்டுக்கொள்ளலாமா என்று வார்டு அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தார். பொது மோரியைத் தனியார் மூடினால் அது ஆக்கிரமிப்பு என்றார்கள். திறந்தே கிடந்தால்? அது நிலுவையில் உள்ள பராமரிப்பு என்றார்கள்.

இந்த நிலையில் ஒருவழியாகத் தேர்தலையும் அறிவித்துவிட்டார்கள். ஓஸ்வால்ட் சந்தோஷமாக ஓடினார். தேர்தல் அறிவித்ததால் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டன, இனி புதிதாக எந்த வேலையும் தொடங்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்தச் சனிக்கிழமை மேடையில் இதை அப்படியே சொன்னார். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. ஹால் அதிர்ந்தது. முன்வரிசையிலிருந்து யாரோ, பேசாமல் நீங்களே தேர்தலில் நின்றுவிடுங்கள் என்றார். சிரிப்போடு சிரிப்பாகத் திங்கட்கிழமை மனுத்தாக்கல் ஆகிவிட்டது. சுயேச்சை. ஒரே வாக்குறுதி, ஸ்லாப்.

"நீங்க ஜெயிக்கல்லாம் வேணாம்" என்றார் ஜோசஃபின், காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு. "ஸ்லாப் வந்தா போதும்."

முதல் கூட்டம் பள்ளத்தின் பக்கத்திலேயே நடந்தது. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் காலை அழைப்பு வந்தது.

தேர்தல் கண்காணிப்பு அதிகாரியின் பெயர் அனந்தபத்மநாபன். பட்டுப்புழு வளர்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவரைத் தேர்தல் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். புழுவைப் பார்க்கும் அதே கவனத்தோடு வேட்பாளரைப் பார்த்தார்.

"உங்க ஷோவுக்கு டிக்கெட் உண்டா, மிஸ்டர் ஓஸ்வால்ட்?"

"உண்டு சார்."

"ஜனங்க எதுக்கு வாங்கறாங்க?"

"சிரிக்கத்தான்."

"நேத்து தெருவில சிரிச்சவங்க வாங்கினாங்களா?"

"அது பிரசாரம் சார்."

"நோடி, பாருங்க, காசுக்கு விக்கிற பொருளை வாக்காளருக்குச் சும்மா கொடுத்தா அது இலவசம். குக்கர் கொடுக்கறவனைப் பிடிக்கறோம். உங்களை மட்டும் விட்டா நல்லா இருக்குமா?"

ஓஸ்வால்ட் அந்த வாதத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். எங்கும் ஓட்டை இல்லை. மோரியை இவர் மூடியிருந்தால் எவ்வளவு நன்றாக மூடியிருப்பார் என்று தோன்றியது.

"எது ஜோக்குன்னு யார் சார் முடிவு பண்றது?"

"நானில்லை. ஜனங்க சிரிச்சா ஜோக்கு. சிரிக்கலேன்னா கொள்கை."

இது முதல் எச்சரிக்கை என்றும், மூன்றாவதோடு வேட்பாளர் தகுதி போய்விடும் என்றும் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

எதிர் வேட்பாளர் ப்ரஹ்லாதுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மேம்பாலத்துக்கு மேல் இன்னொரு மேம்பாலம், சுரங்கப் பாதைக்குக் கீழே இன்னொரு சுரங்கப் பாதை, மழைக்காலத்தில் வீட்டு வாசலுக்கே படகு என்று அவர் அடுக்கினார். கூட்டம் போனைப் பார்த்துக்கொண்டு கேட்டது. அனந்தபத்மநாபன் வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தும் ஒரு சிரிப்புகூட இல்லை. அத்தனையும் கொள்கை.

இரண்டாவது கூட்டத்தில் ஓஸ்வால்ட் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "நான் வந்தால் ஸ்லாப் போடுவேன்" என்று மட்டும் சொன்னார். ஒரு வார்டு உறுப்பினர் ஸ்லாப் போடுவதை ஜனங்கள் கற்பனை செய்து பார்த்தார்கள். முதல் கூட்டத்தைவிட அதிகமாகச் சிரித்தார்கள். இரண்டாவது எச்சரிக்கை வந்தது.

விஷயத்தை ஜோசஃபின் கையில் எடுத்தார். ஊன்றுகோலோடு வீடு வீடாகப் போய் வாக்காளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சிரிப்பு வந்தால் கைக்குட்டையைக் கடிக்க வேண்டும். அடங்காவிட்டால் சொத்து வரியை நினைக்க வேண்டும். அதற்கும் அடங்காதவர்களைத் திரும்பத் திரும்பப் பழக்கினார். மூன்றாவது கூட்டத்தில் ஓஸ்வால்ட் பள்ளத்தின் முழு வரலாற்றையும் சொல்லி முடிக்கும்வரை தெரு அசையவில்லை. அந்த வழியாக வந்த ஒரு ஸ்கூட்டர்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, யார் தவறிப்போனது என்று மெதுவாக விசாரித்தார். அனந்தபத்மநாபனின் மீசை மட்டும் லேசாகத் துடித்தது. குறிப்பில் "கொள்கை" என்று எழுதிக்கொண்டார்.

சிரிக்காமல் கேட்டதில் ஜனங்களுக்கு ஸ்லாப் வேண்டும் என்ற ஆசையே வந்துவிட்டது. ப்ரஹ்லாத் கவலைப்பட்டார். ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் ஒரு சிரிப்பு மன்றம் உண்டு. ரிட்டயரான பெரியவர்கள் டாக்டர் சொன்னதற்காகக் காலையில் கையைத் தூக்கி ஹா ஹா ஹா என்பார்கள். அவர்களை வேனில் ஏற்றி, ஓஸ்வால்டின் அடுத்த கூட்டத்தில் ஸ்லாப் என்ற சொல் காதில் விழுந்ததும் சிரிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அதுவரை ப்ரஹ்லாதின் சொந்த மேடைக்குப் பின்னால் வேன் நின்றது.

அன்று ப்ரஹ்லாத் பேச்சு வேகத்தில், "அவர் வெறும் ஸ்லாப் போடுவார், நான் கிரானைட் ஸ்லாப் போடுவேன்" என்றுவிட்டார். ஸ்லாப் இரண்டு முறை வந்ததால் வேனுக்குள் இரண்டு தரம் கைகள் உயர்ந்தன. ஹா ஹா ஹா. திகைத்துப்போன ப்ரஹ்லாத், ஸ்லாப்புக்கு ஏன் சிரிக்கிறீர்கள் என்று மைக்கிலேயே கேட்டார். அது மூன்றாவது ஸ்லாப். மறுபடி ஹா ஹா ஹா.

ஒரே கூட்டத்தில் மூன்று எச்சரிக்கையும் வாங்கிய ப்ரஹ்லாத் சும்மா இருக்கவில்லை. ஸ்லாப் என்ற ஜோக் ஓஸ்வால்டுக்குச் சொந்தமானது, எனவே தன் கூட்டத்தில் விழுந்த சிரிப்பும் அவர் கணக்கில்தான் சேர வேண்டும் என்று மனுக் கொடுத்தார். அனந்தபத்மநாபன் மனுவைப் படித்து, நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, பாரபட்சம் கூடாதென்று இருவரையும் தகுதி நீக்கினார்.

மிச்சமிருந்த மூன்றாவது வேட்பாளர் தேசிகன். மனுத்தாக்கல் செய்த கையோடு மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டவர். ஒரு கூட்டம் போடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு புகாரும் இல்லை. கண்ணியமான மனிதர் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஜெயித்தார். திரும்பி வந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் ஜெயித்தவர் பேசி எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? ஸ்லாப் பரிந்துரை அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

தேர்தல் விதிகள் முடிந்த முதல் சனிக்கிழமை, பள்ளத்துக்கு எதிரே இருந்த ஹாலில் ஓஸ்வால்ட் மறுபடி மேடை ஏறினார். தெரு முழுக்க டிக்கெட் வாங்கி வந்திருந்தது. நடந்தது அத்தனையும் சொன்னார். குக்கரைச் சொன்னார், வேனைச் சொன்னார், மெல்பர்னைச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லார் வாயிலும் கைக்குட்டை இருந்தது.

கடைசி வரிசையில் ஒரே ஒருவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அனந்தபத்மநாபன்.

"மன்னிச்சுக்கங்க" என்றார் வாசலில், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தேர்தல் முழுக்க அடக்கி வெச்சது."

"இவங்களுக்கு என்ன சார் ஆச்சு?"

பக்கத்து வீட்டு வனஜா கைக்குட்டையை எடுத்துவிட்டு, "சிரிச்சா உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான் அண்ணா" என்றார். ஜோசஃபின் வேறு பக்கம் பார்த்தார்.

கூட்டம் வீடு திரும்பியது. தெருமுனையில் ஒவ்வொருவராகப் புடவையை, பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, குனிந்துகூடப் பார்க்காமல் பள்ளத்தைத் தாண்டினார்கள். ஜோசஃபினும் கோலை ஊன்றித் தாண்டினார். கடைசியாக, இன்னும் சிரித்தபடி, கண்ணீரில் வழி தெரியாமல் அனந்தபத்மநாபன் வந்தார்.

முழங்கால்வரை உள்ளே போனார். அடி ஒன்றும் இல்லை. ஒரு செருப்பு மட்டும் திரும்பி வரவில்லை. தெருவே நின்று பார்த்தது. அவர் உள்ளேயிருந்து நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஆகவே, விதிப்படி, அந்தப் பள்ளம் கொள்கை.