வெள்ள மணிப் பெட்டிக்கு மூளை தேடிய கதை

ஒரு காட்டில், ஆறு வளைகிற தாழ்வான கரையில், பொற்கொடி என்றொரு கீரி நான்கு குட்டிகளோடு குடியிருந்தாள். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அவள் வளைதான். அதனாலேயோ என்னவோ, வெள்ள மணிப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அவள் தலையிலேயே காட்டுக் கமிட்டியார் கட்டியிருந்தார்கள்.

பெட்டி என்றால் ஒரு கம்ப்யூட்டர்தான். தண்ணீர் ஏறினால் விழித்து மணியடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அதற்குள் இருந்த இயங்குதளமோ சீட்டாட்டம், பிரிண்டர், வால்பேப்பர் என்று ஊரையே சுமந்துகொண்டிருந்தது. எழுந்து கண்ணைத் திறக்கவே கால் மணி நேரம்! போன மழையில் அது விழிப்பதற்குள் குட்டிகளின் கழுத்துவரை தண்ணீர் வந்துவிட்டது.

"ஒரே வேலைக்கென்று அளவாகச் செய்த இயங்குதளம் இருக்கிறதாம் ஐயா, யூனிகெர்னல் என்கிறார்கள். அதைப் போடுங்கள்" என்று கமிட்டித் தலைவர் கரிவரதன் யானையிடம் மன்றாடினாள்.

அணில் அப்படி ஒன்றைச் செய்து கொண்டுவந்தது. வௌவாலும் தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டுமே கண் சிமிட்டுவதற்குள் விழித்து, டாண் டாண் என்று அடித்தன.

"எதுவானாலும் சரிங்க ஐயா. இன்றைக்கே மாட்டிவிடலாம்" என்றாள் பொற்கொடி.

"பறக்காதே அம்மா. இதில் பாஸ்வேர்டு எங்கே போடுவது?" என்றார் யானை.

"உள்ளே யாருமே நுழைய முடியாதுங்க. அதனால் பாஸ்வேர்டே கிடையாது" என்றது அணில்.

"தலைவர்கூடவா?" யானையின் காது இரண்டும் விறைத்துக்கொண்டன.

சும்மா சொல்லக் கூடாது, கமிட்டி உழைத்தது. ஏழு கூட்டம் போட்டது, ஏழிலும் கரும்பு. அணிலுடையதை எடுத்தால் வௌவாலுக்கு மனசு நோகும். வௌவாலுடையதை எடுத்தால் அணில் வீட்டுக் கல்யாணத்தில் எந்த முகத்தோடு பந்தியில் உட்காருவது? கடைசியில் யாருக்கும் நோகாத முடிவு ஒன்று பிறந்தது. பழையது அப்படியே இருக்கட்டும், அதற்குள்ளேயே இரண்டையும் வைத்துவிடலாம். எது மணியடிப்பது என்பதைத் தலைவர் பாஸ்வேர்டு போட்டுச் சொல்வார்.

"அப்படியானால் பழையது எழுந்த பிறகுதானே இதுங்க எழும்?" பொற்கொடி அழாத குறையாகக் கேட்டாள்.

"எதைச் செய்தாலும் நொட்டை சொல்வாள் இவள்" என்றது உறுப்பினர் காட்டெருமை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆறு பொங்கியது. பெட்டி ஆற அமர எழுந்தது, வணக்கம் சொன்னது, வால்பேப்பரைக் காட்டியது, தலைவரின் பாஸ்வேர்டைக் கேட்டது. தலைவர் மலைமேல் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். பொற்கொடி பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு நான்கு தரம் மேடேறினாள். கடைசிக் குட்டியைத் தூக்கும்போது தண்ணீர் அவள் மூக்கைத் தொட்டது.

வெள்ளம் வடிந்ததும் கமிட்டியின் அறிக்கை வந்தது: "புதிய ஏற்பாடு மகத்தான வெற்றி. உயிர்ச்சேதம் இல்லை. பெட்டியை மட்டும் காணவில்லை."

அடுத்த பெட்டிக்கு அடுத்த கமிட்டி. தன்னையும் அதில் சேர்க்கச் சொல்லி பொற்கொடி மனு கொடுத்தாள். யானை இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு, "நீ வேண்டாம் அம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீதி: ஆற்றங்கரையில் குடியிருப்பவரைக் கமிட்டியில் சேர்க்காதீர்கள், முதல் கூட்டத்திலேயே வேலை முடிந்து தொலையும்.