நல்ல கண் கருப்பணன்

டாக்டர் மகேஷ்குமார் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் நோயாளி நாற்காலியில் இருந்தவர் ஒப்பித்து முடித்துவிட்டார்.

"பேரு கருப்பணன், வயசு அம்பத்தெட்டு, ஊரு ஆமத்தூரு, பட்டாசுக் கம்பெனில வேல, சீனி வியாதி கெடையாது."

பக்கத்தில் மார்க் அட்டையும் பேனாவுமாக நின்ற பரீட்சை அதிகாரி டாக்டர் லட்சுமிகாந்தம் ஒரு சுழி போட்டார். "நீங்க ஒண்ணுமே கேக்கலையே?"

"அவரே சொல்லிட்டாரு சார்."

"விசாரிக்கிற திறமைக்குத்தான் மார்க். விசாரிக்கலேன்னா திறமை இல்லை."

விருதுநகரின் அந்தக் கண் மருத்துவமனையில் அன்று செய்முறைப் பரீட்சை. படித்ததைச் சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும். இருபது திறமை, இருபது கட்டம். லட்சுமிகாந்தம் டிக் போட்டால் மகேஷ்குமார் கண் சிறப்பு மருத்துவர். போடாவிட்டால் இன்னும் ஆறு மாதம் பயிற்சியும் விடுதிச் சாம்பாரும். லட்சுமிகாந்தமும் இங்கேயே படித்து, மதுரைக்குப் போய்ப் பெரிய ஆளானவர்தான்.

கருப்பணன் வருடாவருடம் பரீட்சைக்கு வரும் 'நல்ல கண்', அதாவது நோயில்லாத கண்ணுக்கு மாதிரி. பஸ் காசும் மத்தியானம் பிரியாணியும் உண்டு. கேள்வி வரிசை அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

"அண்ணாச்சி, நான் கேட்டப்புறம் சொல்லுங்க" என்று மகேஷ்குமார் காதோரம் கெஞ்சினார்.

"சரி டாக்டரு. ஆனா கை கழுவலையே நீங்க?"

இன்னொரு சுழி விழுந்தது.

"ஐயோ, வாயே திறக்காதீங்க!"

கருப்பணன் உதட்டை இறுக்கிக்கொண்டார். வலி இருக்கிறதா, நீர் வடிகிறதா என்று எது கேட்டும் பதில் இல்லை.

"நோயாளியை மிரட்டுறீங்க" என்று லட்சுமிகாந்தம் மூன்றாவது சுழியைப் பெரிதாகவே போட்டார்.

"அண்ணாச்சி, அந்த எழுத்தை மட்டும் படிச்சிருங்க. போதும்."

கருப்பணன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உற்சாகமாக ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் கரண்ட் போனது. எழுத்துப் பெட்டியின் விளக்கு அணைந்து, அறை கும்மிருட்டானது.

கருப்பணன் நிறுத்தவில்லை. நாலாவது வரி, ஐந்தாவது வரி, கடைசிப் பொடி எழுத்து வரைக்கும் படித்துவிட்டு, கண்ணை மாற்றிப் பொத்திக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

லட்சுமிகாந்தத்தின் கையிலிருந்து அட்டை விழுந்தது.

மகேஷ்குமார் டார்ச்சை அடித்துப் பார்த்தார். இரண்டு கண்மணியும் சாம்பல் பூத்திருந்தன.

"சார், ரெண்டு கண்ணுலயும் புரை!"

"ஆமா, மூணு வருசமாவே மங்கல்தான்" என்றார் கருப்பணன்.

"பின்ன ஏன்யா சொல்லலை?" என்றார் லட்சுமிகாந்தம்.

"படின்னீக, படிச்சேன். தெரியுதான்னு யாரு கேட்டீக? அதும்போக, எனக்கு எழுத்தே தெரியாது."

லட்சுமிகாந்தத்துக்குக் கோபம் பொங்கியது.

"மோசடி! மனப்பாடம் பண்ண வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க மகேஷ். நோயாளிக்குச் சொல்லிக் கொடுத்தவன் டாக்டரா இருக்கவே லாயக்கில்லை. உங்களை ஃபெயில் பண்றேன்!"

"சத்தியமா நான் சொல்லிக் கொடுக்கலை சார்!" மகேஷ்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தக் கத்தலைக் கேட்டதும் கருப்பணன் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, லட்சுமிகாந்தம் டாக்டரா! சத்தத்த வச்சுத்தான் அடையாளம் தெரிஞ்சது. பன்னெண்டு வருசத்துக்கு முன்னால உங்க பரீட்சைக்கு நீங்க சொல்லிக் குடுத்தது, ஒரு எழுத்து மறந்திருக்கேனா பாத்தீகளா!"