சாக்கடை மேடமும் ஒரு வாளி நீலமும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடுகிற அத்தனை சாக்கடைகளும் எங்கே பிறந்து எங்கே போய்ச் சேருகின்றன என்று தெரிந்த ஒரே ஜீவன் எங்கள் சாக்கடை மேடம்தான். அந்தச் சாக்கடைகளுக்கே அவ்வளவு தெரியுமா என்பது சந்தேகம். அவருக்கு அம்மா அப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் உபயோகித்ததில்லை.

நான் பி.காம். படித்த கல்லூரியில் சுற்றுச்சூழல் கல்வி ஒரு கட்டாயப் பாடம். அந்த வகுப்பில் தூங்குவது மரபு. பரீட்சையில் 'மரம் வளர்ப்போம்' என்று எட்டுப் பக்கம் எழுதினால் பாஸ். அந்த மரபைக் கெடுக்கவென்றே கௌரவ விரிவுரையாளராக வந்து சேர்ந்தார் மேடம். முதல் நாள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"இன்னிக்கு யாரெல்லாம் குளிச்சீங்க?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பாதி பொய்.

"அந்தத் தண்ணி இப்ப எங்க இருக்குது?"

என் பக்கத்தில் இருந்த கலையரசன் பெஞ்சுக்கு அடியில் போனை வைத்து மேப்பைத் திறந்தான். எந்தக் கேள்விக்கும் அவன் சொந்தமாகப் பதில் சொன்னதில்லை. போன் சொல்லும், இல்லாவிட்டால் முன்பெஞ்சுக்காரனின் பேப்பர் சொல்லும். மேப்பில் கல்லூரி இருந்தது, கேன்டீன்கூட இருந்தது. சாக்கடை இல்லை.

"தெரியலீங்க மேடம்."

மேடம் போர்டில் 'தெரியாது' என்று பெரிதாக எழுதினார். "இதான் ஃபர்ஸ்ட் யூனிட். எழுதிக்கோங்க."

கல்யாணத்துக்குப் போனாலும் இதே கதைதான். மண்டபத்தின் பின்பக்கம் போய், எச்சில் இலையை எங்கே கொட்டுகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் மேடை ஏறுவார். ஒருமுறை பெண்ணின் அப்பாவையும் கையோடு அழைத்துப்போய்க் காட்டினார். அவர் முகம் வெளிறித் திரும்பியதைப் பார்த்து, பெண் ஓடிவிட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டில் அழவே ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாம் மாதம் ஒரு காலையில் எங்களை ஆண்கள் விடுதியின் துணி துவைக்கும் இடத்துக்கு வரச்சொன்னார். ஒரு வாளித் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு பாட்டில் சொட்டு நீலம். கலக்கி ஊற்றும் வேலை கலையரசனுக்கு.

"இந்த நீலம் எங்க போவுதோ, அங்கதான் இன்னிக்கு கிளாஸ். நடங்க."

நாற்பது பேர் சாக்கடையின் பின்னால் ஊர்வலமாகப் போனோம். தண்ணீர் காம்பவுண்டுச் சுவரின் ஓட்டை வழியே போனது. நாங்கள் சுவர் ஏறிக் குதித்தோம். மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலைக் கொல்லை, ஓரமாக வளைந்தது, வளைந்தோம். ரோட்டுக்கு அடியில் புகுந்தது. நாங்கள் ரோட்டைத் தாண்டினோம். பஸ்ஸை நிறுத்திய டிரைவர், "சாவு ஊர்வலமா? பொணம் எங்கப்பா?" என்றார்.

கடைசியில் அது ஓர் ஏரியில் விழுந்தது. விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அக்கா, பிள்ளையின் வெள்ளை யூனிஃபார்ம் சட்டையை அலசிக்கொண்டிருந்தார். அது எங்கள் கண்ணெதிரே வானத்தின் நிறத்துக்கு மாறியது.

"எவன்டா அவன்? வருஷக்கணக்கா நொர நொரயா வந்துக்கினு இருந்துச்சி. கால் கையெல்லாம் அரிப்பு. இப்ப கலர் வேறயா? யாருடா நீங்க?"

நாங்கள் மேடத்தின் பின்னால் ஒளிந்தோம். மேடம் நகர்ந்து நின்றுகொண்டார். கலையரசன் சமாளிக்கப் பார்த்தான்.

"நாங்க சர்வே எடுக்க வந்திருக்கோங்க்கா."

"அப்ப உன் கை ஏன் நீலமா கீது?"

அவன் கையைப் பார்த்தான். முழங்கை வரை நீலம். "நாங்கதாங்க்கா," என்றான்.

மறுநாள் அந்த அக்காவும் இன்னும் ஆறு பெண்களும் நீலச் சட்டையோடு பிரின்சிபால் அறைக்கு வந்துவிட்டார்கள். பிரின்சிபாலுக்குப் பெரிய பேஜாராகிவிட்டது. அவர்கள் போனதும் மேடத்துக்கு மெமோ. எங்களுக்கு ஆளுக்கொரு வெள்ளைத்தாள்.

"நீலம் ஊத்தினது மேடம் ஏற்பாடு, எங்களுக்குச் சம்பந்தம் இல்லன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா ஹால் டிக்கெட் கிடையாது."

நாற்பது பேனாக்கள் அப்படியே நின்றன. ஹால் டிக்கெட் இல்லாமல் வீட்டுக்குப் போனால் என் அப்பா கேள்வி கேட்க மாட்டார், செருப்பைத்தான் தேடுவார். வழக்கமாக எங்கள் தாளை எட்டிப் பார்க்கிற கலையரசன் அன்று தலை நிமிராமல் எழுதினான். நான் எட்டிப் பார்த்தேன்.

'நீலம் ஒரு நாள்தான் ஊற்றினோம். மற்றதைத் தினமும் ஊற்றுகிறோம்.'

நான் அதையே எழுதினேன். எனக்குப் பின்னால் இருந்தவனும். நாற்பது தாளிலும் அதே இரண்டு வரி. ஒருவன் அவசரத்தில் கலையரசனின் கையெழுத்தையும் சேர்த்துக் காப்பியடித்திருந்தான்.

பிரின்சிபால் எல்லாவற்றையும் படித்தார். நாற்பது தாளையும் மேலிடத்துக்கு அனுப்பினால் கல்லூரிதான் மாட்டும், கிழிக்கவும் பயம். ஹால் டிக்கெட் வந்தது. அடுத்த மழைக்குள் விடுதிக்குப் பின்னால் சாக்கடைத் தண்ணீரை வடிகட்டத் தொட்டி கட்டி, மணல் நிரப்பி, கல்வாழை நட்டார்கள். திறப்பு விழாவில் பிரின்சிபால் தன் நெடுநாள் கனவு என்று பேசினார். அந்த அக்காவை யாரும் அழைக்கவில்லை. மேடம் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வருடத்தோடு மேடத்தின் வேலையும் முடிந்தது. மறுபடி எடுக்கவில்லை.

போன மாதம் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றபோது, திண்டிவனம் பஸ் நிலையத்தின் பின்பக்கம் மேடத்தைப் பார்த்தேன். எட்டு மாணவிகள் சூழ, சாக்கடையை மூடியிருந்த ஒரு கல்லைப் பெயர்த்துவிட்டு உள்ளே குனிந்திருந்தார். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். நிமிராமலே, "தள்ளி நில்லுப்பா, வெளிச்சம் மறைக்குது," என்றார்.

தள்ளி நின்றேன். விழுப்புரம் பஸ் ஒன்று போனது. அடுத்ததும் போனது. எனக்கு ஏறத் தோன்றவில்லை.