பெட்டிஷன் சாரின் மறுப்புச் சீட்டுகள்

ஏ.டி.எம். மெஷின் தன்னை விரட்டியடிக்க வேண்டும் என்பதற்காகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பேங்கின் ஆம்பூர் கிளையில் அக்கவுண்டன்ட். பெயரை யார் கண்டது? எதற்கெடுத்தாலும் மனு எழுதுவதால் ஊருக்கே அவர் பெட்டிஷன் சார்.

எங்களுடையது சின்ன பேங்க். வாசலில் ஒரே ஒரு மெஷின். எங்கள் கார்டு அதில் மட்டும்தான் வேலை செய்யும். பெரிய பேங்குகள் தங்கள் மெஷின்களை ஒன்றாக இணைத்துக்கொண்டு, எங்களை மட்டும் வெளியே நிறுத்திவிட்டன.

ஒருநாள் ஷூ கம்பெனி மேனேஜர் வந்து குண்டைப் போட்டார். "எந்த மெஷின்ல கார்டு போட்டாலும் எங்க லேபருக்குச் சம்பளக் காசு வரணும் சார். ஆறு மாசம் டைம். இல்லாட்டி எல்லா அக்கவுண்டையும் வேற பேங்குக்கு மாத்திடுவோம்."

அந்த அக்கவுண்டுகள் போனால் கிளைக்குப் பூட்டுதான். அங்கே கிளார்க்காக இருந்த எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது.

பெட்டிஷன் சார் அசரவில்லை. "பாலாத்துப் பாலத்துல லாரியும் போவுது, சைக்கிளும் போவுது. லாரிக்காரங்க ஒண்ணு சேர்ந்து சைக்கிள் வரக்கூடாதுன்னா சர்க்கார் சும்மா வுடுமா? அதையேதான்யா மும்பை ரிசர்வ் பேங்குக்கு எழுதிக் கேக்கப் போறேன்!"

மனு என்றால் ஆதாரம் வேண்டுமாம். வேலூர் லாங் பஜார், காட்பாடி, பேரணாம்பட்டு என்று மெஷின் மெஷினாக எங்கள் கார்டைச் செருகுவார். 'இந்த கார்டு செல்லாது' என்று சீட்டு வரும். அதை நோட்டில் ஒட்டி, நகலெடுத்து, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துப் போவார், சாட்சிக் கையெழுத்துக்கு!

லாங் பஜார் வாட்ச்மேன் ஒருநாள், "மெஷின் ரிப்பேர் சார்" என்றார். இவருக்கு வந்ததே கோபம்! "வேணாம்னு சொல்றதுக்குக்கூட மெஷின் இல்லியா? இன்னாய்யா பேங்க் நடத்தறீங்க?"

ஐந்தாவது மாதம் மும்பையிலிருந்து உத்தரவு வந்தது: சின்ன பேங்கானாலும் அதே விதி, அதே கட்டணம், சேர்த்துக்கொள்ள வேண்டும். இவர் மனுவால் வந்ததா, தானாக வந்ததா? ஆம்பூரில் அதை அவரிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

இணைப்பு கிடைத்த அன்றே லாங் பஜாருக்கு ஓடினோம். கார்டைச் செருகினார். கடகடவென்று நூறு ரூபாய் நோட்டு எட்டிப் பார்த்தது. இவரோ, சீட்டு வரும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், காசு வந்துட்ச்சி! எடு சார்!" வாட்ச்மேன் கத்தினார்.

"இருய்யா, சீட்டு வரட்டும்!"

எடுக்க ஆளில்லாத நோட்டை மெஷின் உள்ளே இழுத்துக்கொண்டது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவருக்கோ கண்ணெல்லாம் தண்ணீர். "நம்ம கார்டை ஏத்துக்கிச்சிய்யா," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். போன நூறைத் திரும்ப வாங்க மறுநாளே ஒரு பெட்டிஷன் போட்டது தனிக்கதை.

கிளை பிழைத்தது. நான் அங்கேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனேன். இன்றும் ஏதாவது மெஷின் பணமில்லை என்று கைவிரித்தால், அந்தச் சீட்டைக் கசக்கிப் போட மனம் வராது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். சார் இருந்தால், "சீட்டு எங்கய்யா?" என்று கேட்பாரே.