செவ்வாய்க்கிழமை வரை கடித்த கடி

எங்கள் ஊர் மாளிகையின் குதிரை லாயம் இருநூற்றறுபது வயதுக் கட்டடம். வளைவு வாசல், மணிக்கூண்டு, எட்டுக் கொட்டடிகள் எல்லாமே அரசாங்கப் பாதுகாப்புப் பட்டியலில் உண்டு. குதிரை மட்டும் பட்டியலில் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

இருந்தது ஒரே குதிரை, டாம்சன் என்ற கிழட்டுப் பெண்குதிரை. அதைத் தன் உயிராகப் பார்த்துக்கொண்டவள் ஹெஸ்டர். குளிருக்கு முன் ஒழுகும் கூரையில் ஓர் ஓடு மாற்ற அனுமதி கேட்டு எழுதினாள். கேட்காமலே மாற்றித் தொலைத்திருக்கலாம். நேர்மையானவள், பாவம்.

புராதனக் கட்டடப் பாதுகாப்பு அதிகாரி ஆலர்டைஸ் வந்தார். கூரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. டாம்சன் தீனித்தொட்டியின் ஓக் மர விளிம்பைக் கடிப்பதைப் பார்த்துவிட்டார். மனுஷனுக்கு மூச்சே நின்றுவிட்டது.

“இந்தக் குதிரை வரலாற்றைத் தின்னுதும்மா.”

“குதிரைன்னா கடிக்கத்தான் செய்யும் சார். அந்தக் காலத்துக் குதிரைங்க கடிச்ச தடமும் இருக்கு பாருங்க.”

“அது பாரம்பரியம். இது சேதம்.”

இரண்டையும் பிரித்தறிய ஒரு குழு வந்தது. பூதக்கண்ணாடியோடு மூன்று நாள் பல் தடங்களை அளந்தது. கடைசியில், சென்ற செவ்வாய்க்கிழமை வரை கடித்த கடிகள் யாவும் பேணத்தக்க வரலாற்றுச் சின்னங்கள் என்றும், அதற்குப் பிற்பட்டவை தண்டனைக்குரியவை என்றும் தீர்மானித்தது. மேற்படி விலங்கை லாயத்திலிருந்து அப்புறப்படுத்த உத்தரவாயிற்று. முற்றத்தில் கொட்டகை போடவும் அனுமதியில்லை, லாயத்தின் தோற்றம் கெட்டுவிடுமாம். டாம்சன் மழையில் நின்றது.

லாயம் காலியானதும் அதைப் பார்ப்பது பேஷனாகிவிட்டது. குதிரையைத் தொட்டே அறியாத லண்டன்காரர்கள் புத்தம்புது சவாரி பூட்ஸோடு வந்து தீனித்தொட்டியருகே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். லாய வாசனை போதவில்லை என்றவர்களுக்காக அதிகாரி ஸ்பிரே அடிக்க ஏற்பாடு செய்தார். பக்கத்து வண்டிக்கொட்டகையில் என் டீக்கடை. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஆனாலும் டாம்சனைப் பார்க்கும்போதெல்லாம் ஆலர்டைஸை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அப்புறம் பார்வையாளர் பதிவேட்டில் ஒரே புகார். லாயம் அபாரம், ஆனால் முன்னால் நிற்கும் குதிரை படத்தைக் கெடுக்கிறது. குதிரையை ஊரைவிட்டே அனுப்பச் சொல்லி மனு தயாரானது. ஊரே கையெழுத்துப் போட்டது. ஆலர்டைஸ் மட்டும் போடவில்லை. பொதுமக்கள் கோரிக்கையில் அதிகாரி தலையிடக் கூடாதாம்.

டாம்சன் முதுகில் கோணியைப் போர்த்திக்கொண்டிருந்த ஹெஸ்டர் மனுவை வாங்கிப் பார்த்தாள். முதல் கையெழுத்து என்னுடையது.

“உனக்குமா இடைஞ்சலா இருக்கு, மேபல்?”

“எனக்கு ஒண்ணுமில்லடி ஹெஸ்டர். வர்றவங்கதான் சங்கடப்படுறாங்க.”

சொல்லிவிட்டுக் கடைக்கு நடந்தேன். கூட்டம் காத்திருந்தது.