அடுக்களை காண வந்த லாரி

தாழக்குடி,
ஞாயிறு காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கிருஷ்ணமணி அவர்கள் சமூகத்துக்கு,

தாழக்குடி வள்ளிநாயகம் பணிவுடன் எழுதுவது. இவ்விடம் கும்பப்பூ நெல் நாற்று வேர் பிடித்துவிட்டது, என் மனைவி அழகியநாயகியின் முட்டுவலியும் குறைந்திருக்கிறது. களியக்காவிளையில் தங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்றும், தங்கள் கோபம் மட்டும் இன்னும் தணியவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் சீர்ச் சாமானோடு போய், அவள் புழங்கப்போகும் அடுக்களையில் விளக்கேற்றிப் பால் காய்ச்சும் வழக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல. நேற்று அது குலைந்ததற்கு முழுக் காரணம் நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன் தோட்டியோட்டில் ஒரு கல் லாரி உரசி என் மகள் தன்யா ஸ்கூட்டரோடு விழுந்தாள். வலது கை முறிந்து நாற்பது நாள் கட்டோடு கிடந்தவளுக்கு நான்தான் சோறு ஊட்டினேன். அப்போது எழுத ஆரம்பித்த மனு, மொத்தம் பதினேழு. காரிலும் ஸ்கூட்டரிலும் ஆட்கள் போகும் காலை வேளையில், ஏழு முதல் பதினொன்று வரை, சரக்கு லாரிகளை நெடுஞ்சாலையில் விடாமல் தனியே நிறுத்த வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மணலுக்கு மேலே நாலு வாழைக்குலையை அடுக்கிக் கல்யாணச் சாமான் என்பார்கள், அதையும் நம்பக் கூடாது என்று கடைசி மனுவில் சேர்த்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன், எனக்கு ஓட்டை வைத்து எழுதத் தெரியாது. போன வாரம் உத்தரவு வந்ததும் ஊரெல்லாம் லட்டு கொடுத்தேன்.

நேற்று ஐந்தரைக்குப் புறப்பட வேண்டியது. என் தங்கைமார் சேலை மடிப்பைச் சரிசெய்து வேனில் ஏற ஆறரை ஆயிற்று. ஒன்பதுக்கு ராகு காலம். பீரோக் கண்ணாடியை யாரையும் நம்பி விட மனமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு நான் சாமான் லாரியில் ஏறினேன். தக்கலை தாண்டியதும் மணி ஏழு. காரும் வேனும் நேரே போயின. எங்கள் லாரியைக் கைகாட்டி ஒரு பொட்டலுக்குள் திருப்பிவிட்டார்கள். குத்துவிளக்கு, பால்பானை, பலகாரப் பெட்டி, பீரோ, நான், எல்லாம் அதற்குள். கல்யாணச் சாமான் என்று சொன்னேன். அங்கு நின்ற போலீஸ்காரப் பெண் சிரிக்காமல் உத்தரவை எடுத்து நீட்டினாள். வாழைக்குலை வரைக்கும் என் வாசகம் அப்படியே இருந்தது. இதை எழுதியவனே நான்தானம்மா என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது, ஏனென்றால் சுற்றிலும் நாற்பது லாரி டிரைவர்கள் நின்றார்கள்.

அடி விழும் என்றே நினைத்தேன். சிலுவைதாசன் என்ற கல் லாரி டிரைவர் பக்கத்தில் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நிக்கியது ஒண்ணும் பிரச்சனை இல்ல சாரே. பிள்ளைக ஸ்கூலுக்குப் போற நேரத்துல வண்டி ஓட்டியது எங்களுக்கும் நெஞ்சுல தீதான். ஆனா நாலு மணிக்கூர் நிக்கியவனுக்கு ஒரு கக்கூஸும் குடிக்க வெள்ளமும் வேணும்னு எழுதத் தோணலியே உமக்கு.”

பதினேழு மனுவிலும் அது இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. காலையில் ஒன்றும் சாப்பிடாத ஆட்கள். பலகாரப் பெட்டியைத் திறந்தேன். முந்திரிக்கொத்து குறைந்ததற்கு எலிதான் காரணம் என்று அழகியநாயகி சொன்னது பொய், மன்னிக்கவும்.

அதற்குள் எங்கள் வீட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேர் வெறும் பூவும் வெற்றிலையுமாகத் தங்கள் அடுக்களையில் நின்றிருக்கிறார்கள். தங்கள் வீட்டம்மா சண்முகவடிவு, “சீரு பின்னால வருதா, இல்ல இனிமேதான் வாங்கணுமா?” என்று கேட்டார்களாம். அழகியநாயகி திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பன்னிரண்டு மணிக்கு நான் பீரோவோடு வந்து இறங்கியபோது தாங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரமாகத் தங்கள் மார்த்தாண்டம் கடைக்குக் கம்பியும் சிமெண்டும் நேரத்துக்கு வருவதில்லை என்றும், மனுவை வாபஸ் வாங்கினால்தான் இனிப் பேச்சு என்றும் ஆள் மூலம் சொல்லிவிட்டீர்கள். தன்யா அடுக்களை வாசலில் தலை குனிந்து நின்றாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஆகவே வாபஸ் மனுவை எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். அந்தப் பிள்ளையை மட்டும் இதை வைத்து யாரும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டாம்.

தாணுமாலயன் அருளால் இரு குடும்பமும் ஒற்றுமையாக விளங்கட்டும். மருமகன் அனீஷுக்கு எங்கள் ஆசிகள், வீட்டம்மாவுக்கு வணக்கம்.

தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்,
வள்ளிநாயகம்

பின்குறிப்பு, திங்கள் மாலை: ஞாயிறு தபால் இல்லாததால் கடிதம் மேசைமேல் கிடந்தது, நல்லதாயிற்று. இப்போதுதான் தன்யா போன் செய்தாள். லீவு முடிந்து இன்று வேலைக்குப் போனாளாம். அனீஷ் காரை எடுத்துப்போய்விட்டதால், கடைக்குப் போகத் தாங்கள் அவள் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினீர்களாம். “ஒரு லாரி இல்லப்பா, ரோடு நீட்டமா கெடக்கு. இறங்கச்சில மாமா, நாளைக்கும் ஏழரைக்கு நிக்கேன், விட்டுட்டுப் போயிராத மக்கான்னு சொன்னாவ” என்றாள். ஆகவே வாபஸ் மனுவைக் கிழித்துவிட்டேன். கக்கூஸுக்கும் தண்ணீருக்கும் பதினெட்டாவது மனு எழுதியாயிற்று. மேலே கேட்ட மன்னிப்பையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கம்பி பதினொன்றுக்கு மேல் வந்தால் போதும். நாளை ஏறும்போது தாங்களும் ஒரு ஹெல்மெட் போட்டுக்கொள்ளவும்.