சம்பந்தி இட்லியும் கிடா சுரப்பியும்

இன்னிக்குக் காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான். கடைத்தெருவுக்குப் போய் இட்லி மாவுல போட சுக்கு, மிளகு, சீரகம் இடிச்சது வாங்கிக்கினு வரணும்.

பொண்ணைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுல வராங்க. காஞ்சிபுரத்துக்கு வந்தவங்களுக்குக் கோயில் இட்லி போடாம அனுப்ப முடியுமா?

மளிகைக்கடையில பொட்டலத்தை வாங்கி சட்டைப் பையில வெச்சேன். அப்படியே திரும்பியிருக்கணும்! பக்கத்துல ஒருத்தர் மைக்குல கத்திக்கினு இருந்தார்.

"குரங்கு சுரப்பி வெச்சு வெள்ளைக்காரன் வாலிபம் ஆனான்! நம்மகிட்ட கிடா சுரப்பி! காய வெச்சு இடிச்ச பவுடர்! அறுபது இருபதாயிடும்!"

நேத்துதான் ஷேர் ஆட்டோவுல ஒரு பொண்ணு எழுந்து, "தாத்தா, உக்காருங்க"ன்னுச்சு. எனக்கு அம்பத்திரண்டுதான்! அந்த வயித்தெரிச்சல்ல ஒரு பொட்டலம் வாங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒண்ணை மனைவிகிட்ட குடுத்தேன். இன்னொண்ணை ஒளிச்சேன்.

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. சம்பந்தி ஆகப்போற மாப்பிள்ளையோட அப்பா சுத்த சைவம். முட்டை விக்கிற கடையில சோடாகூட குடிக்க மாட்டார்.

"கைப்பக்குவம் பிரமாதம்மா! இன்னொண்ணு வைம்மா!"ன்னு சம்பந்தி என் மனைவிகிட்ட தட்டை நீட்டினார்.

நானும் நைசா உள்ளே போய் என் மருந்தை எடுத்தேன். பொட்டலத்து மேல மளிகைக்கடை முத்திரை!

அப்போ இட்லியில போனது?

"வெத்தலை வாங்கிக்கினு வரேன்"னு ஓடினேன்.

"ஏங்க, தட்டு நெறைய வெத்தலை இருக்குதே!"ன்னு மனைவி கத்துனா.

மருந்துக்காரர் இன்னும் அங்கதான் இருந்தார்.

"அண்ணே, அதுல நெஜமாவே கிடா இருக்குதா?"

"இன்னா சார் இப்படி கேட்டுட்ட! நூத்துக்கு நூறு கிடா! கலப்படமே கெடையாது!"

எனக்கு அழுகையே வந்துடுச்சு. "சம்பந்தி அது கலந்த மூணு இட்லி சாப்ட்டுட்டார்பா. சுத்த சைவம். தெரிஞ்சா என் பொண்ணு கல்யாணமே நின்னுடும்!"

அவர் மைக்கை ஆஃப் பண்ணார். சுத்தும்முத்தும் பாத்தார்.

"காமாட்சி மேல சத்தியம் சார். வெறும் சுக்கு, மிளகு, சீரகம். கிடாவுக்கு நான் எங்க போவேன்?"

"எங்க வாங்கின?"

"நீ வாங்குன அதே மளிகைக்கடைதான்."

ஏமாந்ததுக்கு இவ்ளோ சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலயே இப்பதான்! அவரைக் கட்டிப்புடிச்சு ஒரு குதி குதிச்சேன். மருந்து வேலை செய்யுதுன்னு கூட்டம் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிடுச்சு.

வீட்டுக்கு வந்தா சம்பந்தி வாயெல்லாம் பல்லா நிக்கிறார். "பொண்ணை எங்களுக்குப் புடிச்சிருக்குது. இட்லி சாப்ட்டதுல இருந்து முட்டி வலியே தெரியலப்பா!"

ஆகவே மக்களே, மருந்து வாங்கும்போது அது சுத்தமான போலிதானான்னு பாத்து வாங்குங்க.